போகுமா? நிற்குமா?

இங்கிலீஷ் பாஷையைப் பற்றி நம்மவர்களுக்கு இரண்டு விதமான பயம் உண்டு. பிறர் பேசினால் நமக்கு விளங்காதே என்பது ஒன்று. நாம் பேசினால் பிறர் சிரிப்பார்களே என்பது மற்றொன்று. முதல் பயம் நாளடைவில் தெளிந்துவிடும். இரண்டாவது பயமோ, பட்டம் வாங்கிய பிறகும் பலரை விடுவதில்லை. அதிலும் விசேஷம் என்னவென்றால், பதில் சொல்ல அஞ்சாதவர்கள் கூடக் கேள்வி கேட்க அஞ்சுகிறார்கள். "எஸ் ஸார்", "நோ ஸார்" என்று பதில் சொல்லிக் காலந் தள்ளிவிடலாம். கேள்வி கேட்பதென்றால் முழு வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தின் வாசலில் 'டு', 'டஸ்' என்று இரண்டு துவாரபாலகர்கள் வேறு நின்று கொண்டு வழி மறிக்கிறார்கள்!

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் இந்தப் பயம் வெறும் வெட்கத்தோடு நிற்பதில்லை. வயிற்றுப் பிழைப்பையே தொடுகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இவ்வழியாகத்தான் ஓடிற்று. 1949-இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. 1964-இல் அங்கே தொழிற்பேட்டை உண்டாயிற்று. ஆவடியில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. ஏரியும் வயலுமாயிருந்த பூமியில் இன்று பல மாகாணத்து ஜனங்கள் வேலை செய்கிறார்கள். பக்கத்து யந்திரத்தில் நிற்பவர் ஒடிஸாக்காரர். மேற்பார்வை பார்ப்பவர் மலையாளி. யந்திரத்துடன் வந்த கையேடோ இங்கிலீஷ். நடுவில் நிற்கும் நம் திருவள்ளூர் ஜில்லாப் பெண்ணுக்கு ஒரு சந்தேகம் வந்தால் என்ன செய்வாள்? பெரும்பாலும் கேட்காமலே இருந்துவிடுகிறாள்.

அவளுக்கு வேண்டியது பெரிய பாண்டித்தியம் அல்ல. சாதாரண நிகழ்காலம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களே, அதில் ஒரு வாக்கியம் சொல்லவும் ஒரு கேள்வி கேட்கவும் தெரிந்தால் முக்கால் பங்கு காரியம் ஆகிவிடும்.

பஸ் ஸ்டாண்டில் இலக்கணம்

இங்கே முதல் தடங்கல் எங்கே வருகிறது என்று பார்ப்போம். "உன் தகப்பனார் என்ன செய்கிறார்?" என்று தமிழில் கேட்டால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்பது ஒன்று. இந்த நிமிஷத்தில் என்ன செய்து கொண்டிருக்கிறார் என்பது மற்றொன்று. இங்கிலீஷில் இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" என்று கம்பெனி அதிகாரி கேட்கும்போது, "அவர் வீட்டில் தூங்கிக் கொண்டிருக்கிறார்" என்று பதில் சொன்னால் உத்தியோகம் கிடைப்பது சந்தேகந்தான்!

நம் உபாத்தியாயர்கள் நெடுங்காலமாக இங்கிலீஷ் நிகழ்காலத்துக்குத் தமிழில் 'செய்கிறான்', 'போகிறான்' என்றே பொருள் சொல்லி வருகிறார்கள். அதனால்தான் இந்தக் குழப்பம். உண்மையில் அதன் கூடப் பிறந்த சகோதரன் வேறொருவன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் போய் ஐந்து நிமிஷம் நின்றால் அவனைக் கண்டுபிடித்துவிடலாம்.

"இந்த பஸ் ஆவடி போகுமா?" "அம்பத்தூர் ஓ.டி.யில் நிற்குமா?" என்று ஜனங்கள் கேட்கிறார்கள். 'போகிறதா' என்று கேட்பவர் குறைவு. 'போகுமா' என்பவரே அதிகம். இன்றைக்கு மட்டுமல்ல, நேற்றும் போயிற்று, நாளைக்கும் போகும், அதுவே அதன் வழக்கம் என்பதை அந்த 'உம்' தெரிவிக்கிறது. இதுவேதான் இங்கிலீஷ்காரனுடைய சாதாரண நிகழ்காலம். "டஸ் திஸ் பஸ் கோ டு ஆவடி?" என்று அவன் கேட்பதும், "ஆவடி போகுமா?" என்று நாம் கேட்பதும் அணுவளவும் வித்தியாசமில்லாத ஒரே கேள்வி.

இன்னும் கேளுங்கள். எனக்குத் தெரியும் என்பது "ஐ நோ". எனக்கு வேண்டும் என்பது "ஐ வாண்ட்". எனக்குப் பிடிக்கும் என்பது "ஐ லைக்". மூன்றிலும் தமிழில் 'உம்' வருகிறது. இங்கிலீஷில் சாதாரண நிகழ்காலம் வருகிறது. "ஐ ஆம் நோயிங்" என்று சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகிறவர்கள், 'தெரிந்து கொண்டிருக்கிறேன்' என்று தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் போதும். தமக்கே சிரிப்பு வந்துவிடும். 'புரிகிறது' போன்ற இரண்டொரு சொற்கள் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. அவற்றை மட்டும் தனியே நினைவில் வைத்துக் கொள்ள வேண்டியதுதான்.

இது ஏதோ புதிய தந்திரம் என்று நினைக்க வேண்டாம். மலை, நதி, சூரியன் முதலியவற்றின் தொழில் இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகிய மூன்றிலும் உள்ளது. அத்தகைய இயற்கையை நிகழ்காலத்தில், 'செய்யும்' என்னும் பொதுச் சொல்லால் கூற வேண்டும் என்று தொல்காப்பியர் வினையியலில் விதி செய்திருக்கிறார். சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிறோமே, அது எதிர்காலமா? இல்லை, என்றைக்கும் உள்ள காலம். 'கிறு', 'கின்று' என்னும் இடைநிலைகள் பெருகியது பிற்காலத்தில்தான். ஆகவே இங்கிலீஷ் இலக்கணத்தின் முதல் பாடத்தைத் தமிழன் தன் வீட்டுப் பெட்டியிலேயே பூட்டி வைத்துக் கொண்டு, அதை அந்நியச் சரக்கென்று நினைத்து அஞ்சிக் கொண்டிருக்கிறான்!

துவாரபாலகர்களின் ரகசியம்

இனி, வாசலில் நிற்கும் 'டு', 'டஸ்' என்பவர்களைக் கவனிப்போம். தமிழில் கேள்வி கேட்பது சுலபம். வாக்கியத்தின் கடைசியில் ஓர் 'ஆ' சேர்த்தால் ஆயிற்று. இங்கிலீஷில் அந்த 'ஆ'வின் வேலையைச் செய்வதற்காக முன்னால் ஒரு சொல் வந்து நிற்கிறது. அதற்குத் தனியாக அர்த்தம் ஒன்றும் இல்லை. அர்த்தம் தேடுவதால்தான் தலை சுற்றுகிறது. இங்கிலீஷ்காரர்களும் ஆதியில் அதை உபயோகிக்கவில்லை. வினைச் சொல்லையே முன்னால் தள்ளிக் கேள்வி கேட்டு வந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் 'டு' பெருகிப் பிறகு நிலைத்து விட்டது.

ஆனால் இதற்கும் நம்மிடம் ஒரு சகோதரன் இருக்கிறான். பண்டிதர்கள் கோபித்துக் கொள்ளக்கூடாது. "ஃபோன் பண்ணுவாளா?" என்று வீட்டுக்கு வீடு பேசுகிறோம் அல்லவா? அதில் 'ஃபோன்' என்னும் சொல் எந்த மாறுதலும் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. அவனா, அவளா, அவர்களா என்பதை 'பண்ணு' தாங்குகிறது. கேள்விக்குரிய 'ஆ'வையும் 'பண்ணு'வே தாங்குகிறது. "டஸ் ஷி ஃபோன்?" என்பதில் 'டஸ்' செய்யும் வேலையும் இதுவே. பாரத்தை யெல்லாம் உதவிச் சொல் சுமக்கிறது. வினைச் சொல் கையை வீசிக் கொண்டு நடக்கிறது.

"டஸ் ஷி ஃபோன்ஸ்?" என்று சொல்வது ஏன் பிழை என்பதும் இதனால் விளங்கும். அந்த 'ஸ்' என்பது வீட்டுச் சாவிக் கொத்தைப் போன்றது. 'ஷி ஃபோன்ஸ்' என்னும்போது அது வினைச் சொல்லின் இடுப்பில் இருக்கிறது. 'டஸ்' என்னும் மூத்த மருமகள் வந்து சாவியை வாங்கிச் செருகிக் கொண்ட பிறகு, இளையவளிடம் அது எப்படி இருக்கும்? எங்கே, ஏன், எப்போது என்று கேட்க வேண்டுமானால் அந்தச் சொல்லை 'டஸ்'ஸுக்கும் முன்னால் வைத்துவிட வேண்டும். "வேர் யூ ஆர் கோயிங்?" என்று சொல்வதில் நம் தமிழ் வாக்கிய ஒழுங்குதான் எட்டிப் பார்க்கிறது. 'இஸ்', 'ஆர்', 'கேன்' ஆகியவற்றுக்கு மட்டும் துவாரபாலகர் தேவையில்லை. அவை தாமே முன்னால் வந்துவிடும்.

எஜமானும் கேள்வியும்

வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பூந்தமல்லியில் தண்டு இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் சென்னை ராஜதானியில் துரைமார் வீடுகளில் வேலை பார்த்தவர்கள் பேசியதை 'பட்லர் இங்கிலீஷ்' என்று கேலி செய்தார்கள். 1886-இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். சொல்லுவேன் என்பதற்கு "ஐ டெல்லிங்". சொல்லி விட்டேன் என்பதற்கு "ஐ டன் டெல்". சிரிப்பதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். 'செய்வேன்', 'செய்துவிட்டேன்' என்னும் இவ்விரண்டும் எஜமானுக்குச் சொல்ல வேண்டிய பதில்கள். பதில் சொல்வதற்கு மட்டுமே பாஷை தேவைப்பட்டவர்கள் அதற்கு வேண்டிய இலக்கணத்தை அமைத்துக் கொண்டார்கள்.

அந்த எஜமானர்கள் 1947-இல் போய்விட்டார்கள். அவர்கள் பாஷை தங்கிற்று. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் சென்னை ராஜ்யத்தில் 27,000 உபாத்தியாயர்களுக்கு இங்கிலீஷ் போதிப்பதில் புதுப் பயிற்சி அளிக்கும் பெரு முயற்சி ஒன்று நடந்தது. சிலர் கற்றுப் பலருக்குக் கற்பிக்க, பனிக்கட்டி உருண்டு பெருகுவது போல் அது பெருக வேண்டுமென்று உத்தேசித்தார்கள். வாக்கிய அமைப்புக்களை வரிசைப்படுத்திப் பழக்குவதே முறை. பிறகு 1979 முதல் 1984 வரையில் ஸ்ரீ என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிக்கூடங்களில் வேறொரு சோதனை நடத்தினார். இலக்கணத்தைச் சூத்திரமாகச் சொல்லாமல், ரயில் கால அட்டவணை, ஊர்ப் படம் போன்றவற்றைக் கொடுத்துக் குழந்தைகளைக் கணக்குப் போடுவது போல் விடை காணச் செய்தார். எந்த ரயில் முன்னால் போகும், எது எங்கே நிற்கும் என்று மூளை வேலை செய்யும்போது பாஷை தானே படியும் என்பது அவர் கொள்கை.

முறைகள் எவ்வளவு மாறினாலும் நம் வகுப்பறையில் ஒன்று மாறவில்லை. நன்னூலார் வினாவை ஆறாகப் பிரித்தார். தனக்கு விடை தெரிந்திருந்தும், பிறருக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது அறி வினா. தெரியாததைத் தெரிந்து கொள்ளக் கேட்பது அறியா வினா. நம் பள்ளிக்கூடங்களில் நாள் முழுவதும் உபாத்தியாயரின் அறி வினாவே ஒலிக்கிறது. மாணவரின் அறியா வினா அபூர்வமாகவே கேட்கிறது. பன்னிரண்டு வருஷம் பதில் மட்டும் சொல்லிப் பழகிய பெண், பதின்மூன்றாம் வருஷம் தொழிற்சாலையில் நின்று கேள்வி கேட்கவில்லையே என்று குறை கூறுவதில் என்ன நியாயம்?

அவள் கேட்க வேண்டியவை பெரிய கேள்விகளும் அல்ல. இந்தக் கம்பியில் மின்சாரம் வருமா? இந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம்? இந்த யந்திரம் தானாக நிற்குமா? "டஸ் இட் ஸ்டாப் பை இட்ஸெல்ஃப்?" — ஐந்தே சொற்கள். இந்த ஐந்து சொற்கள் சமயத்தில் வாயில் வராததனால் ஒரு விரல் போகலாம். ஓர் உயிரும் போகலாம். இலக்கணப் பிழைக்குப் பயந்து வாயை மூடிக் கொள்வதைவிட, "திஸ் ஸ்டாப்?" என்று பட்லர் இங்கிலீஷில் கேட்டுவிடுவது ஆயிரம் மடங்கு மேல்.

ஆகையால் உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது குழந்தைகள் கேட்கட்டும், தாங்கள் பதில் சொல்லுங்கள். முதலில் தமிழில் 'போகுமா', 'நிற்குமா', 'வருமா' என்று கேட்கட்டும். பிறகு அதையே இங்கிலீஷில் திருப்பட்டும். சில கேள்விகளுக்குத் தங்களுக்கும் விடை தெரியாமற் போகலாம். அதனால் பாதகமில்லை. தெரியாததைக் கேட்பதில் அவமானம் இல்லை என்னும் பாடத்தைக் குழந்தைகள் அன்றைக்கே கற்றுக் கொண்டு விடுவார்கள்.