கல்முனைக் கரையில் யோகாசனக் கல்வி

பெரியநீலாவணையிலிருந்து தெற்கு நோக்கிக் கடலோரப் பெருந்தெருவிற் செல்வோர்க்கு அம்பாறைக் கரை இருநிற நூலால் நெய்த சேலை போலத் தோன்றும். மருதமுனை முஸ்லிம் ஊர், அடுத்த பாண்டிருப்பு தமிழர் ஊர், பின்னர்க் கல்முனை, அதன்பின் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும், மாளிகைக்காட்டைக் கடந்தாற் காரைதீவு, அதனையுங் கடந்தால் நிந்தவூர். ஓரூரின் பாங்கோசையும் மற்றையூரின் கோயில் மணியோசையும் கலந்தே காற்றில் வருகின்றன. இரு சாராரும் பேசுவது தமிழ். தாய்வழிக் குடிமுறை என்னும் பழைய வழக்கும் இரு சாராரிடத்தும் உண்டு. ஆயினும் கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையை ஒரு சாராரதென்றும், வடக்கு ஆதார வைத்தியசாலையை மறு சாராரதென்றும் மக்கள் பேசிப் பழகிவிட்டனர். இரண்டினுள்ளும் யாவரும் செல்லலாம் என்பது வேறு விடயம், பேச்சு அவ்வாறாகிவிட்டது.

இத்தகைய கரையிலே யோகாசனக் கூடமொன்று எழுமாயின், அதுவும் ஒரு சாராரதாய் ஒதுங்கிவிடுமா, அன்றி இரு சாராரும் அருகருகே பாய் விரிக்கும் இடமாகுமா? கட்டடத்தின் அழகோ, வாயிலில் எழுதும் பெயரோ இதனைத் தீர்மானிக்கப் போவதில்லை. அங்கே கற்பிக்க வரும் ஆசிரியரை நாம் எவ்வாறு உருவாக்குகின்றோம் என்பதே தீர்மானிக்கும் என்பது எமது எண்ணம்.

தேவை இல்லாமலில்லை. தறியில் நாள் முழுதும் குனிந்திருப்போரின் முதுகும், வயலில் நாற்று நட்டோரின் இடுப்பும், உயர்தரப் பரீட்சைக்கு இரவெல்லாம் விழித்திருக்கும் மாணவரின் நெஞ்சப் படபடப்பும் எல்லா ஊருக்கும் பொதுவானவை. நீரிழிவு இன்று எந்த வீட்டு வாசலிலும் நின்று இனம் கேட்பதில்லை. மாலையிற் கடற்கரையில் வேகநடை போடுதல் ஆடவர்க்கு எளிது. நடுவயதுப் பெண்களுக்கு, அவர்கள் எச்சமயத்தாராயினும், அவ்வளவு எளிதன்று. நான்கு சுவர்களுக்குள்ளே, பெண்கள் மட்டும் கூடிப் பயிலத்தக்க பயிற்சியொன்று அவர்களுக்கு வேண்டும். தெற்கே அறுகங்குடாவில் அலைச்சறுக்க வரும் வெளிநாட்டார்க்கு யோகாசன வகுப்புக்கள் நடைபெறுகின்றன. அவை சுற்றுலாப் பயணிகளை நோக்கியவை. எமது தாய்மாரின் முழங்கால் வலிக்கு அவை மருந்தாகமாட்டா.

ஆயின் இருபுறத்தும் ஐயமுண்டு. முஸ்லிம் பெற்றோர், “இது வேற்றுச் சமயத்தார் வணக்கமன்றோ?” என்று வினவுவர். சைவப் பெரியோர், “ஓங்காரத்தை நீக்கினால் எஞ்சுவது யோகமாகுமா, வெறும் தேகப்பயிற்சியன்றோ?” என்று வினவுவர். இரண்டும் நேர்மையான வினாக்கள். பதஞ்சலியின் யோகசூத்திரம் ஈசுவரனையும் பிரணவத்தையும் கூறுகின்றது. திருமூலர் தமது திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைச் சிவநெறியின் படியாகவே வைத்தார். யோகத்திற்கும் சமயத்திற்கும் ஒரு தொடர்புமில்லை என்று துண்டுப்பிரசுரம் அடிப்போர் உண்மை கூறுகின்றாரல்லர். அதே வேளையில், ஏறத்தாழ 195 சூத்திரங்களுள் ஆசனத்தைப் பற்றியவை மூன்றே என்பதும், 15ஆம் நூற்றாண்டினதாகிய ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் 15 மட்டுமே என்பதும் மறுபுறத்து உண்மைகள். இன்று வகுப்புக்களிற் பயிலப்படும் நூற்றுக்கணக்கான நிலைகளுட் பல, பிற்காலத்தில், அதிலும் சிறப்பாகக் கடந்த நூற்றாண்டில், தேகப்பயிற்சியோடு சேர்ந்து வளர்ந்தவை.

இவ்வினா கல்முனைக்குப் புதிதன்று. உலக முஸ்லிம்கள் முன்னரே எதிர்கொண்டதாகும். மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை, மந்திர ஓதலும் வணக்கக் கூறுகளும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு ஆகாதென 2008 நவம்பரில் அறிவித்தது. அந்நாட்டுப் பிரதமர் அப்துல்லா அஹமத் படாவி, ஓதல் இன்றி உடற்பயிற்சியாகச் செய்வதற்குத் தடையில்லையென விளக்கமளித்தார். அடுத்த சனவரியில் இந்தோனேசிய உலமா சபையும் மந்திரமும் சடங்கும் கூடியதனை விலக்கி, வெறும் உடற்பயிற்சியை அனுமதித்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014இல் யூன் 21ஆம் நாளை உலக யோகா தினமாக்கியபோது அத்தீர்மானத்துக்கு 177 நாடுகள் இணைந்து ஆதரவளித்தன. அவற்றுள் முஸ்லிம் நாடுகளும் பல. ஆனால் மறு ஆண்டு இந்தியாவில் அத்தினத்தைக் கொண்டாட முற்பட்ட வேளையில் சூரிய நமஸ்காரத்தைப் பற்றி முஸ்லிம் அமைப்புக்களிடமிருந்து எதிர்ப்பெழுந்தது. பொது நிகழ்ச்சியில் அது சேர்க்கப்படவில்லை.

இவற்றுக்கெல்லாம் மிக முந்திய கதையொன்றும் உண்டு. இதனை எம் மாணவர் பலர் அறியார் என்பதால் இங்கே சற்று நின்று சொல்லுகின்றோம். 11ஆம் நூற்றாண்டிலே அல்பிரூனி என்னும் பேரறிஞர் பதஞ்சலியின் நூலை அரபு மொழியிற் பெயர்த்தார். 16ஆம் நூற்றாண்டிலே குவாலியர் முகம்மது கௌஸ் என்னும் சூபி ஞானி, அம்ருதகுண்டம் என்ற யோக நூலைப் ‘பஹ்ருல் ஹயாத்’ எனப் பாரசீகத்தில் விரித்தெழுதினார். அதன் ஏட்டுப்பிரதியொன்று, பின்னாளில் ஜஹாங்கீர் எனப் புகழ்பெற்ற இளவரசர் சலீமுக்காக 1600ஆம் ஆண்டையொட்டி வண்ணப்படங்களுடன் எழுதப்பட்டது. யோகியர் ஆசனமிட்டிருக்கும் அப்படங்களை இன்றும் டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீற்றி நூலகத்திற் காணலாம். தமிழிலோ, தொண்டிக்கு அருகே பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) யோக நெறிச் சொற்களைத் தம் ஞானப் பாடல்களில் தயக்கமின்றி எடுத்தாண்டார். இவர்கள் எவரும், தாம் எடுத்துக்கொண்ட பொருள் எங்கிருந்து வந்ததென்பதை மறைத்தாரல்லர். அதற்காகத் தம் மார்க்கத்தை விட்டாருமல்லர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இளமையிற் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் கற்றவர் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

ஆதலாற் புதிய ஆசிரியர்க்கு நாம் முதலிற் கற்பிக்க வேண்டியது ஒளிவின்மை. சூரிய நமஸ்காரத்துக்குக் ‘காலைப் பன்னிரண்டு அசைவுகள்’ எனப் பெயர் மாற்றி, அறியாதாரைச் செய்விப்பது வஞ்சகம். நமஸ்காரம் என்ற சொல் வணக்கத்தைக் குறிப்பது. படைத்தவனுக்கன்றிப் பிறிதொன்றுக்குத் தலை தாழ்த்தாத ஒருவர்க்கு அச்சொல் உறுத்துவது இயல்பு. அதனை அவர்க்கு விளக்கிச் சொல்லி, விரும்பாதார்க்கு வேறொரு வரிசை கொடுத்தல் வேண்டும். நின்று செய்யும் நிலைகள் எத்தனையோ உள. அதற்காகச் சைவப் பிள்ளைகள் தம் வீட்டிற் பிரணவம் சொல்லிப் பயில்வதை எவரும் குறைகூறவும் வேண்டா. பொதுக்கூடத்திற் பொதுவானது, வீட்டிலே அவரவர் மரபு. இதனாற் சைவத்துக்கு இழுக்கு வரும் என்று நாம் கருதவில்லை.

ஆசிரியரை உருவாக்கும் முறைக்கு வருவோம். அமெரிக்காவில் 1999இல் தோன்றிய யோகா அலையன்ஸ் என்னும் அமைப்பு 200 மணிநேரப் பயிற்சியை ஓர் அளவாக வகுத்தது. இன்று பல நாடுகளில் அவ்வளவினையே நான்கு கிழமைகளில் முடித்து அத்தாட்சிப் பத்திரத்தோடு வெளிவருவோர் உளர். 200 மணிநேரத்தில் எலும்புகளின் பெயர்களையும் ஆசனங்களின் பெயர்களையும் படித்துவிடலாம். எதிரே நிற்கும் ஐம்பது வயது மாமியின் முகக்குறிப்பைப் படிக்க அது போதாது. தறிவேலை பழக வரும் பிள்ளையை எடுத்த எடுப்பில் தறியில் இருத்துவாருளரோ? நூல் சுற்றவும், அறுந்த இழையை முடியவும் பழகிய பின்னரே தறி. அவ்வாறே புதிய ஆசிரியை முதலிற் சில மாதம் பின்வரிசையில் இருந்து மூத்தவரைக் கவனிக்கட்டும். பின்னர் வகுப்பின் தொடக்கத்துப் பத்து நிமிடத்தை மட்டும் நடத்தட்டும். வகுப்பு முடிந்தபின் இருவரும் தேநீரருந்திக்கொண்டே, இன்று எவர் மூச்சு வாங்கினார், எவர் சொல்லாமல் வலியைப் பொறுத்தார் என்று பேசட்டும். இப்பேச்சே பயிற்சியின் உயிர்நிலை.

இத்துணை இன்றி விடப்பட்ட ஒருவர் வரலாறு பிரசித்தமானது. பி. கே. எஸ். ஐயங்கார் 1936இல், தம் குருவாகிய கிருஷ்ணமாச்சாரியாருடன் வட கருநாடகம் சென்றிருந்தார். அங்கே பெண்கள் சிலர் ஆசனம் பயில விரும்பினர். ஆனால் வயதுவந்த ஆடவரிடம் பயிலக் கூசினர். கூட்டத்தில் எல்லாரினும் இளையவர் என்ற ஒரே காரணத்தால் ஐயங்கார் அவர்களுக்கு ஆசிரியராக்கப்பட்டார். அடுத்த ஆண்டு, 18 வயதில், புனே நகருக்கு அனுப்பப்பட்டார். மராத்தி தெரியாது; ஆங்கிலமும் சிறிதே; மாணவரிற் பலர் அவரினும் மூத்தோர். தம் உடலையே பாடநூலாக்கி நாள்தோறும் பலமணி நேரம் தனியே பயின்று அவர் கரையேறினார். பிற்காலத்தில் அவர் ஆசிரியப் பயிற்சியைப் பல்லாண்டு நீளும் கண்டிப்பான முறையாக வகுத்ததும், முடியாதவர்க்கும் முடியும்படி நாற்காலி, கயிறு, மரக்கட்டை, போர்வை முதலியவற்றைத் துணையாக்கியதும் எண்ணத்தக்கவை. கல்முனைக் கூடத்துக்கு விலையுயர்ந்த உபகரணம் வேண்டியதில்லை. நல்ல சுவரொன்றும் ஆடாத நாற்காலிகள் பத்தும் போதும்.

தார்வார்ப் பெண்களின் கூச்சம் எமது ஊர்களிலும் உண்டு. ஆதலின் முதலிற் பயிற்றப்பட வேண்டியோர் பெண்களே. இதற்குச் சிறந்த முன்னோடியைச் சவூதி அரேபியாவிற் காண்கின்றோம். நௌஃப் மர்வாயி என்னும் அம்மையார் இளமையிலேயே லூப்பஸ் என்ற நோயால் வருந்தியவர். யோகத்தால் நலங்கண்டு, இந்தியாவுக்கு வந்து முறையாகப் பயின்று, ஜித்தாவிலே கற்பிக்கத் தொடங்கினார். 2010இல் அரபு யோகா நிறுவனத்தை அமைத்துப் பிற ஆசிரியரையும் பயிற்றினார். அரசாங்கம் யோகத்தை விளையாட்டுப் பயிற்சிகளுள் ஒன்றாக ஏற்றது 2017 நவம்பரில். இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது 2018இல். இவ்வாண்டுகளைக் கவனிக்க: அரசாங்க அங்கீகாரம் வந்த பின்னர் ஆசிரியைகள் தோன்றவில்லை, ஆசிரியைகள் பல்லாண்டு பொறுமையாக உழைத்த பின்னரே அங்கீகாரம் வந்தது. மக்காவும் மதீனாவும் உள்ள நாட்டிலே இயன்றது மருதமுனையில் இயலாதென்பார்க்கு வேறென்ன சொல்வது?

எமது யோசனை இது. காரைதீவிலிருந்து இருவர், சாய்ந்தமருதிலிருந்து இருவர் என நான்கு பெண்களை ஒரே மூத்த ஆசிரியையிடம் ஓராண்டு பயிலவிடுதல் வேண்டும். பயிற்சிக்குப்பின் காரைதீவுப் பெண் சாய்ந்தமருதிலும், சாய்ந்தமருதுப் பெண் காரைதீவிலும் துணையாசிரியையாக அமரட்டும். கல்விமான்கள் சிலர்க்கு இது வீண்தொல்லை எனப்படலாம். ஆனால் தன்னூரில் மட்டும் கற்பித்தவள் தன்னூராருக்கே ஆசிரியையாவாள். பிறவூரில் ‘உம்மா’ என்றும் ‘தாத்தா’ என்றும் அழைக்கப் பழகியவளுக்கு, தாத்தா என்பது அங்கே மூத்த சகோதரியைக் குறிக்கும் சொல்லென்பது முதல்நாளே விளங்கிவிடும். ‘அக்கா’ என்று அழைக்கப்படும் முஸ்லிம் பெண்ணுக்கும் அவ்வாறே.

நேரக்கணக்கும் பயிற்சியின் பகுதியேயாகும். அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட பொழுது தாய்மார்க்கு ஏற்றது. பாங்கு கேட்கும் முன் வகுப்பு முடிதல் வேண்டும். றமழான் நோன்பில் உடல் வாடும் பயிற்சிகளைக் குறைத்து, மெதுவான நீட்டலும் இளைப்பாறலும் போதுமாக்க வேண்டும். கந்தசஷ்டி விரதம் நோற்போர்க்கும் இஃது பொருந்தும். தலைத்துணியோடு செய்வோர்க்குத் தலைகீழ் நிலைகளைத் திணிக்க வேண்டா. அவை நாற்பதைக் கடந்த பெரும்பாலார்க்கு எவ்வாறாயினும் அவசியமல்ல. உடலைத் தொட்டுத் திருத்துமுன் அனுமதி கேட்டல் வேண்டும். பணம் இல்லாதார் பெயரைத் தனிப்பட்டியலில் எழுதி எல்லாரும் காணத் தொங்கவிடும் வழக்கம் வேண்டவே வேண்டா.

இன்னுமொன்றுண்டு, இக்கரைக்கே உரியது. வகுப்பின் இறுதியில் மல்லாந்து படுத்திருக்கும் நிலைக்குச் சவாசனம் என்று பெயர்; பிணம்போற் கிடத்தல் என்பது பொருள். 2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் ஆழிப்பேரலை இந்நாட்டிலே மிகக் கொடுமையாகத் தாக்கிய இடங்களுட் கல்முனைக் கரையும் ஒன்று. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்களைக் கண்டவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதுத் தாய்மார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவளிடம், கண்ணை மூடிப் பிணம்போற் கிட என்று சொல்லும் இளம் ஆசிரியை தீய நோக்குடையவளல்லள். அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பேரழிவின் பின்னர் அந்தமான் தீவுகளில் உயிர்தப்பியோர்க்கு ஒருவாரம் இலகுவான ஆசனமும் மூச்சுப்பயிற்சியும் இளைப்பாறலும் கற்பித்த ஆய்வாளர், அவர்தம் அச்சமும் கவலையும் துயிலின்மையும் குறைந்ததாக 2007இல் எழுதியுள்ளனர். பயிற்சி உதவும், உதவுமாறு கொடுத்தல் வேண்டும். அந்நிலைக்கு ‘இளைப்பாறல்’ என்ற பெயரே போதும். கண்ணை மூட விரும்பாதார் திறந்தே வைத்திருக்கலாம். படுக்க அஞ்சுவோர்க்கு, சுவரிற் சாய்ந்து, கடலோசை கேளாத பக்கமாக, வாயிலைப் பார்த்து அமர்ந்திருக்க ஓரிடம் எப்போதும் ஒதுக்கி வைக்கப்படல் வேண்டும்.