தீர்ப்பு கிடைத்தது, ஈடு கிடைக்கவில்லை

1994 நவம்பர் 8. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் வாக்கெடுப்பு. ருவாண்டா இனப்படுகொலையை விசாரிக்க சர்வதேசத் தீர்ப்பாயம் அமைப்பதற்கான 955-ஆம் தீர்மானம் அது. ஆதரவாக 13 வாக்குகள். சீனா ஒதுங்கிக்கொண்டது. எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அதைப் போட்ட நாடு ருவாண்டா.

தீர்ப்பாயம் வேண்டும் என்று முதலில் கேட்டதே அந்த நாட்டின் புதிய அரசுதான். பிறகு ஏன் எதிர்த்தது? 1994-இல் நடந்த குற்றங்களை மட்டுமே தீர்ப்பாயம் விசாரிக்கும் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் தீட்டப்பட்ட திட்டங்களும், ஒத்திகைபோல நடந்த கொலைகளும் கணக்கில் வராது. மரண தண்டனை கிடையாது. நீதிமன்றம் ருவாண்டா மண்ணில் அமையும் என்ற உறுதியும் இல்லை. பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்டுக்கு, நீதியின் அளவை வேறு யாரோ தீர்மானிப்பதாகத் தோன்றியது.

அந்த வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. ஏழு மாதங்களுக்கு முன்பு, காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கைவிட்டதும் இதே கவுன்சில்தான்.

தெரிந்தே நடந்தது

ருவாண்டாவில் இருந்த ஐ.நா. அமைதிப்படையின் தளபதி, கனடாவைச் சேர்ந்த ரோமியோ டலேர். 1994 ஜனவரி 11 அன்று அவர் நியூயார்க்குக்கு ஓர் அவசரச் செய்தி அனுப்பினார். சிறுபான்மை டுட்சி இன மக்களின் பெயர்ப் பட்டியல் தயாராகிறது, ஆயுதங்கள் பதுக்கப்பட்டுள்ளன, இருபது நிமிடங்களில் ஆயிரம் பேர் வரை கொல்ல ஆள்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று உள்ளிருந்த ஒருவர் தந்த தகவல் அதில் இருந்தது. ஆயுதக் கிடங்குகளைச் சோதனையிடப் போவதாகவும் டலேர் எழுதியிருந்தார். வேண்டாம் என்று பதில் வந்தது.

ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதி ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே படுகொலை தொடங்கிவிட்டது. அன்றே பத்து பெல்ஜிய அமைதிப்படை வீரர்களும் கொல்லப்பட, பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21-இல் பாதுகாப்பு கவுன்சில், சுமார் 2,500 பேர் இருந்த அமைதிப்படையை 270 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. இனப்படுகொலை என்று சொல்லிவிட்டால் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று வாஷிங்டன் அதிகாரிகள் அந்தச் சொல்லையே தவிர்த்தார்கள். இந்தக் கூத்துக்கு நடுவே, கொலைகார அரசின் தூதரும் அதே கவுன்சிலில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார்.

சுமார் நூறு நாள்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பத்து லட்சத்துக்கும் அதிகம் என்கிறது ருவாண்டா அரசு. பெரும்பாலோர் டுட்சிகள். பெரும்பான்மை ஹூட்டு இனத்தவரில் கொலைக்கு உடன்படாதவர்களும் பலியானார்கள்.

அருஷாவில் பிறந்த சட்டம்

தீர்ப்பாயம் பக்கத்து நாடான தான்சானியாவின் அருஷா நகரில் அமைந்தது. 93 பேர் மீது குற்றம் சாட்டி, 62 பேருக்குத் தண்டனை விதித்து, 2015 கடைசியில் மூடப்பட்டது. சுமார் 200 கோடி டாலர் செலவு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் அது வகுத்துத் தந்த சட்டம் சாதாரணமானதல்ல.

1998 செப்டம்பர் 2 அன்று, தாபா என்ற ஊரின் மேயராக இருந்த ழான்-பால் அகாயேசுவைக் குற்றவாளி என்று தீர்ப்பாயம் அறிவித்தது. 1948-இன் இனப்படுகொலை உடன்படிக்கையை வைத்து ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல்முறை. இரண்டு நாள் கழித்து, படுகொலைக் காலத்தின் பிரதமர் ழான் கம்பாண்டாவுக்கு ஆயுள் தண்டனை. குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டிருந்தார்.

அகாயேசு வழக்கின் முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. கொலைகளைப் பற்றிச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் சிறு மகளுக்கு நேர்ந்ததையும் சொன்னார். அந்த இழையை நீதிபதிகள் விடவில்லை. மேலும் கேட்டார்கள். குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்துடன் நடக்கும் பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலைதான் என்று உலகம் முதன்முதலாக அந்தத் தீர்ப்பில் படித்தது.

அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒரே பெண், நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளியினர். பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையராக, இலங்கைப் பிரச்சினையின்போது நம் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்ட அதே பெயர். அவர் தலைமையிலான அமர்வுதான் 2003-இல், வெறுப்பைப் பரப்பிய ஆர்.டி.எல்.எம். வானொலியின் நிறுவனர்களையும் ‘கங்குரா’ பத்திரிகை ஆசிரியரையும் தண்டித்தது. மைக்கும் பேனாவும் பிடித்தவர்களும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்பது அன்று உறுதியானது.

மரத்தடி விசாரணை

பெரிய மனிதர்களுக்கு அருஷா. கத்தி பிடித்த சாதாரண ஆள்களுக்கு? ருவாண்டாவின் சிறைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தார்கள். இருக்கிற நீதிமன்றங்களை நம்பினால் விசாரணை முடிய நூறாண்டுக்கு மேல் ஆகும். அதனால் ‘கச்சாச்சா’ என்ற பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறைக்குப் புது உருவம் கொடுத்தார்கள். ஊர்மக்கள் தேர்ந்தெடுத்த, சட்டம் படிக்காத நீதிபதிகள். வெட்டவெளியில் விசாரணை. கணவனைக் கொன்றவன் எதிரே மனைவி உட்கார்ந்திருப்பாள். 2012-இல் முடிவதற்குள் சுமார் 12,000 மன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தீர்த்தன.

குறைகள் ஏராளம். வக்கீல் கிடையாது, பழைய பகையைத் தீர்த்துக்கொண்டவர்களும் உண்டு, சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள். ஆனாலும், பிணம் எங்கே புதைக்கப்பட்டது என்ற தகவல் பல குடும்பங்களுக்கு அங்கேதான் கிடைத்தது. அருஷாவால் அதைத் தர முடியவில்லை.

கூண்டில் ஏறாதவர்கள்

வென்றவர்களின் குற்றங்களை அருஷாவும் தொடவில்லை, கச்சாச்சாவும் தொடவில்லை. இனப்படுகொலையை நிறுத்தியது ருவாண்டா தேசபக்த முன்னணியின் படை. அந்தப் படையினரும் பொதுமக்களைக் கொன்றதாகக் குற்றச்சாட்டுகள் உண்டு. அவற்றை விசாரிக்க முனைந்த தீர்ப்பாயத்தின் தலைமை வழக்கறிஞர் கார்லா டெல் போன்ட்டே 2003-இல் அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அருஷாவில் அந்தத் தரப்பிலிருந்து ஒருவர்கூட நிறுத்தப்படவில்லை.

அடுத்தது, கைவிட்ட நாடுகள். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் பெல்ஜிய வீரர்களை நம்பி சுமார் 2,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று வீரர்கள் கிளம்பிப் போனார்கள். கொலைகாரர்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் பிரஸ்ஸல்ஸில் வழக்குப் போட்டார்கள். 2010-இல் சாதகமான தீர்ப்பு வந்தது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. படை ஐ.நா.வின் கட்டுப்பாட்டில் இருந்ததாம், பெல்ஜியத்தைக் குற்றம் சொல்ல முடியாதாம். சரி, ஐ.நா.வைக் கேட்கலாம் என்றால் அதற்குச் சட்டக் காப்பு இருக்கிறது. எந்த நாட்டு நீதிமன்றத்திலும் அதை நிறுத்த முடியாது.

கைவிட்ட நாடுகள் இப்படித் தப்பிவிடுவதற்கு ஒரு சிறு விதிவிலக்கு, 1995-இல் போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்த படுகொலை. தங்கள் முகாமில் ஒளிந்திருந்த சுமார் 350 ஆண்களை டச்சு வீரர்கள் வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தச் சாவுகளுக்கு நெதர்லாந்து அரசும் பொறுப்பு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒப்புக்கொண்டது. எவ்வளவு பொறுப்பு? பத்து சதவீதம்.

மன்னிப்புகளுக்கு மட்டும் குறைவில்லை. 1998-இல் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் கிகாலிக்கு வந்து, உலகம் போதிய வேகத்தில் செயல்படவில்லை என்று வருந்தினார். 2000-இல் பெல்ஜியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2021-இல் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் பிரான்சின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். மன்னிப்புக் கேட்காமல் பார்த்துக்கொண்டார்.

பிழைத்தவர்களுக்கு என்ன?

இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள் என்பது ஐ.நா. மதிப்பீடு. அவர்களில் பலரை எச்.ஐ.வி. தொற்றியது. அருஷாவின் தடுப்புக்காவலில் இருந்த குற்றவாளிகளுக்கு ஐ.நா. செலவில் மருந்து கிடைத்தது. சாட்சி சொல்லிவிட்டு ஊர் திரும்பிய பெண்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. நீதியின் பெயரால் நடந்த அநீதி இது.

இழப்பீடு வழங்கும் அதிகாரமே அருஷா தீர்ப்பாயத்துக்குத் தரப்படவில்லை. பிழைத்தவர்களின் படிப்பு, மருத்துவம், வீடு ஆகியவற்றுக்காக 1998-இல் நிதியம் தொடங்கியது ஏழை நாடான ருவாண்டாதான், தன் சொந்த பட்ஜெட்டிலிருந்து. காலமும் அவர்களுக்கு எதிராகவே நின்றது. வெறுப்பு வானொலிக்குப் பணம் தந்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட பெலிசியன் கபுகா, 26 ஆண்டுகள் தலைமறைவாக இருந்து 2020-இல் பாரீஸ் அருகே பிடிபட்டார். முதுமையால் நினைவு மங்கிவிட்டது என்று 2023-இல் வழக்கு நிறுத்தப்பட்டது.

நமக்கும் ஒரு கேள்வி

இனப்படுகொலை உடன்படிக்கை இரண்டு கடமைகளைச் சொல்கிறது: தடுப்பது, தண்டிப்பது. தண்டிப்பதை உலகம் ஓரளவு கற்றுக்கொண்டது. தடுக்கத் தவறியவர்களை முழுமையாகப் பதில் சொல்ல வைப்பதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தவறிய நாடு இழப்பீட்டு நிதிக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தக் கட்டாயம் வராதவரை, அடுத்த முறையும் படைகள் கிளம்பிப் போகும். பிறகு தலைவர்கள் வந்து மலர்வளையம் வைப்பார்கள்.

அந்த உடன்படிக்கையை இந்தியா 1959-இல் ஏற்று உறுதிசெய்தது. அதற்கேற்ப உள்நாட்டில் சட்டம் இயற்ற வேண்டும் என்கிறது அதன் ஐந்தாம் பிரிவு. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் 2018-இல் தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை என்று சுட்டிக்காட்டி, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்றது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்திலும் அந்தக் குற்றங்களுக்கு இடமில்லை. அருஷாவைப் பற்றியும் கிகாலியைப் பற்றியும் பேசும் நாம், நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.