கோடையில் அதிகாலை நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சி

கோடையில் அதிகாலை நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சி என்பது, மாரத்தான் போன்ற நீண்ட தூரப் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் ஓட்டக்காரர்கள் வெயிலைத் தவிர்க்கும் பொருட்டுச் சூரியன் உதிக்கும் முன்பே தொடங்கி மேற்கொள்ளும் பயிற்சி ஆகும். வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை, 15 முதல் 30 கிலோமீட்டர் வரை மெதுவான வேகத்தில் ஓடுவது இதன் வழக்கமான வடிவம். சென்னை போன்ற கடலோர நகரங்களில் ஏப்ரல், மே மாதங்களில் இப்பயிற்சி அதிகாலை 4 மணியளவிலேயே தொடங்கிவிடுவதுண்டு. இருட்டில் ஓடுவதால் வெயில் தவிர்க்கப்படுகிறதே தவிர, வெப்பத்தால் வரும் ஆபத்து முழுமையாக நீங்குவதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதமே இதற்கு முதன்மையான காரணம்.

கோடையில் ஓடுவதன் தேவை

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். இதற்கான ஆயத்தப் பயிற்சி பொதுவாக 16 முதல் 20 வாரங்கள் வரை நீடிக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவுக்கு நடைபெறும் காம்ரேட்ஸ் ஓட்டம் வழக்கமாக ஜூன் மாதத்தில் வருகிறது. அதில் பங்கேற்பவர்கள் தம் பயிற்சியின் மிக நீண்ட ஓட்டங்களை ஏப்ரல், மே மாதங்களில் முடிக்க வேண்டியுள்ளது. செப்டம்பரில் லே நகரில் நடைபெறும் லடாக் மாரத்தானுக்கான பயிற்சியும் கோடையிலேயே தொடங்கிவிடுகிறது.

உடலில் உண்டாகும் வெப்பம்

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 முதல் 25 விழுக்காடு மட்டுமே இயக்கத்துக்குப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாக மாறுகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவாகிறது. எனவே 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கிலோகலோரி செலவாகும். அதில் 450 கிலோகலோரிக்கும் மேல் வெப்பமாக உடலில் சேரும்.

இந்த வெப்பத்தை வெளியேற்ற உடலுக்குள்ள முக்கிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. உடலைக் குளிர்விப்பது வியர்வை சுரப்பதன்று, அது ஆவியாவதே ஆகும். ஆவியாகாமல் தரையில் சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை; நீரும் உப்பும் மட்டுமே இழப்பாகின்றன. மண்பானைத் தண்ணீர் வறண்ட நாளில் நன்றாகக் குளிர்வதும், புழுக்கமான நாளில் அவ்வளவாகக் குளிராததும் இதே காரணத்தால்தான்.

விடியற்காலையும் ஈரப்பதமும்

ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை பொதுவாகச் சூரிய உதயத்தை ஒட்டிய நேரத்தில் பதிவாகிறது. காற்றிலுள்ள நீராவியின் அளவு அதிகம் மாறாதிருக்க, வெப்பநிலை மட்டும் குறையும்போது ஒப்பு ஈரப்பதம் உயர்கிறது. ஆகவே நாளின் குளிர்ச்சியான நேரமே ஒப்பு ஈரப்பதம் மிகுந்த நேரமாகவும் அமைகிறது.

மே மாதத்தில் சென்னையின் சராசரிக் குறைந்த வெப்பநிலை 28 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். பகலில் கட்டடங்களும் தார்ச் சாலைகளும் உறிஞ்சிய வெப்பம் இரவில் மெல்ல வெளிப்படுவதால் நகரின் உட்பகுதிகள் எளிதில் குளிர்வதில்லை.

வெப்பநிலை, ஈரப்பதம் ஆகிய இரண்டின் கூட்டு விளைவை ஈரக்குமிழ் வெப்பநிலை காட்டுகிறது. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டத்தில் வைத்தால் கிடைக்கும் அளவு இது. 38 டிகிரி வெப்பமும் 40 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பிற்பகலில் இது சுமார் 27 டிகிரியாக இருக்கும். 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள விடியற்காலையில் சுமார் 25 டிகிரியாக இருக்கும். காற்றின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தும், ஈரக்குமிழ் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரியே குறைகிறது.

நேரடி வெயில் இல்லாததும் காற்று சூடாக இல்லாததும் அதிகாலையின் உண்மையான நன்மைகள். ஆயினும் வியர்வை ஆவியாவதைப் பொறுத்தவரை கடலோர விடியற்காலை, தோற்றத்தில் தெரியும் அளவுக்குச் சாதகமானதன்று.

2019 தோகா மாரத்தான்

வெயில் இல்லாமை மட்டும் போதாது என்பதற்குக் கத்தார் நாட்டின் தோகாவில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற உலகத் தடகள வாகையர் போட்டி சான்றாக உள்ளது. வெப்பத்தைத் தவிர்ப்பதற்காகப் பெண்கள் மாரத்தான் செப்டம்பர் 27 அன்று நள்ளிரவை ஒட்டித் தொடங்கப்பட்டது. அப்போதும் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேலும், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேலும் இருந்தன. ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேரால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. கென்யாவின் ரூத் செப்ங்கெட்டிச் 2 மணி 32 நிமிடம் 43 விநாடிகளில் ஓடி முதலிடம் பெற்றார்.

உடல் பழகுதல்

வெப்பச் சூழலில் நாள்தோறும் அளவாகப் பயிற்சி செய்தால் 10 முதல் 14 நாட்களில் உடல் பெருமளவு பழகிக்கொள்கிறது. இரத்த நீர்மத்தின் அளவு கூடுகிறது. வியர்வை விரைவாகச் சுரக்கத் தொடங்குகிறது. வியர்வையில் உப்பின் செறிவு குறைகிறது. பயிற்சியைச் சில வாரங்கள் நிறுத்தினால் இந்த மாற்றங்கள் மறைந்துவிடுகின்றன. எனவே கோடையின் முதல் வாரங்களில் தொலைவையும் வேகத்தையும் குறைத்தே தொடங்க வேண்டும்.

வெப்பத்தில் ஓடும்போது தோலுக்கும் இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால், அதே வேகத்திலும் இதயத் துடிப்பு படிப்படியாக உயர்கிறது. ஆகவே குளிர்கால வேகத்தை மே மாதத்தில் எட்ட முயல்வது தவறு. உடன் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியும் அளவே நீண்ட ஓட்டத்துக்கு ஏற்ற வேகம்.

நீரும் உப்பும்

ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் இழந்த நீரின் அளவை அறியலாம். ஒரு கிலோகிராம் எடைக் குறைவு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரிழப்பைக் குறிக்கும். இடையில் நீர் அருந்தியிருந்தால் அந்த அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அளவுக்கு மீறி வெறும் நீரைக் குடிப்பதும் ஆபத்தானது. அதனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு ஆகியவை நேரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், நீண்ட ஓட்டங்களில் உப்பிட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சேர்த்துக்கொள்வதும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி; சோடியம் குறைவு. எனவே வியர்வையில் இழந்த உப்பை ஈடுசெய்ய அது மட்டும் போதாது.

நேரமும் பாதையும்

மே மாதத்தில் சென்னையில் சூரியன் 5.45 மணியை ஒட்டி உதிக்கிறது. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்ற வேகத்தில் 25 கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். 4 மணிக்குத் தொடங்கினாலும் கடைசி ஒரு மணி நேரம் வெயிலில்தான் கழியும். களைப்பு மிகுந்திருக்கும் நேரமும் அதுவே. இதனால் நீர் வைத்த இடத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்பும் 5 கிலோமீட்டர் சுற்றுப் பாதை, ஒரே திசையில் செல்லும் நீண்ட பாதையைவிடப் பாதுகாப்பானது. தேவைப்பட்டால் எந்தச் சுற்றிலும் நிறுத்திக்கொள்ளலாம்.

இருட்டில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகள் கொண்ட மேற்சட்டை அணிவதும், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தவாறு சாலையின் வலப்புறம் ஓடுவதும் அவசியம். தனியாக ஓடுவதைத் தவிர்க்க வேண்டும்.

ஆபத்து அறிகுறிகளும் முதலுதவியும்

உடலின் உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, மூளையின் செயல்பாடு பாதிக்கப்படும் நிலை வெப்பவாதம் எனப்படுகிறது. தள்ளாட்டம், தொடர்பற்ற பேச்சு, காரணமற்ற கோபம், மயக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். தோல் வறண்டிருந்தால்தான் வெப்பவாதம் என்பது தவறான எண்ணம். ஓட்டக்காரருக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இது வரலாம். பாதிக்கப்பட்டவர் தம் நிலையைத் தாமே உணர்வதும் அரிது. உடன் ஓடுபவர் ஒருவர் தேவைப்படுவது இதனால்தான்.

இந்நிலையில் உடனே 108 அவசர ஊர்தியை அழைத்து, அது வரும்வரை காத்திராமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். குளிர்ந்த நீர் நிரம்பிய தொட்டியில் தலை நீருக்கு மேல் இருக்குமாறு அமர்த்துவது மிகச் சிறந்த முறை. அது இயலாதபோது உடல் முழுவதும் தொடர்ந்து நீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது. முதல் அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்துவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

காய்ச்சல் அல்லது வயிற்றுப்போக்கிலிருந்து அண்மையில் மீண்டவர்களும், முந்தைய இரவு சரியாக உறங்காதவர்களும் அன்றைய நீண்ட ஓட்டத்தைத் தள்ளிவைப்பதே சரியானது.