ஸ்கேன் என்று பதில் வந்தால்

செய்திச் செயலியில் ஒரு பழைய உரையாடலைத் தொடுகிறோம். திரை ஓரிரு நொடி உறைந்து நிற்கிறது. நெட் சரியில்லை என்போம், இல்லையென்றால் போன் பழசாகிவிட்டது என்போம். பெரும்பாலும் தாமதம் போனுக்குள் இருக்கும் டேட்டாபேஸில்தான் நடக்கிறது. கேட்ட நாலு வரியை எடுக்க அது வேண்டாத வேலையெல்லாம் செய்துகொண்டிருக்கும்.

அந்த டேட்டாபேஸ் அநேகமாக எஸ்க்யூலைட். 2000இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் எழுதியது. கடற்படைப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் அவர் அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் அந்த மென்பொருளும் படுத்துவிடும். சர்வரே இல்லாமல் ஒரே கோப்பில் அடங்குகிற டேட்டாபேஸை அவர் உருவாக்கியது அதனால்தான். இன்று ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அது இருக்கிறது.

இரண்டு லட்சம் செய்திகள் உள்ள ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ‘37ஆம் உரையாடலின் கடைசி 50 செய்திகளைக் கொடு’ என்று செயலி கேட்கிறது. இண்டெக்ஸ் எதுவும் இல்லையென்றால் எஸ்க்யூலைட் இரண்டு லட்சம் வரிகளையும் படித்து, 37க்கு உரியவற்றைப் பொறுக்கி, நேரப்படி அடுக்கிய பிறகுதான் 50ஐத் தரும். உரையாடல் எண், நேரம் என்ற இரண்டுக்கும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போட்டால் கதையே மாறிவிடும். இண்டெக்ஸ் என்பது பி-ட்ரீ என்னும் மர அமைப்பு. 4096 பைட் கொண்ட ஒரு பக்கத்தில் இத்தகைய பதிவுகள் நூற்றுக்கணக்கில் அடங்கும் என்பதால், மூன்று பக்கம் இறங்கினால் 37இன் கடைசிச் செய்தி கிடைத்துவிடும். அங்கிருந்து பின்னோக்கி 50 பதிவு போய், அந்த 50 வரிகளை மட்டும் எடுத்தால் போதும். நேர வரிசை இண்டெக்ஸிலேயே இருப்பதால் தனியாக அடுக்கும் வேலையும் இல்லை.

இண்டெக்ஸில் எந்தப் பத்தி (நெடுவரிசை) முதலில் வருகிறது என்பது முக்கியம். வாக்காளர் பட்டியல் பாகம், தெரு, வீட்டு எண் என்ற வரிசையில் இருக்கும். பாகமும் தெருவும் தெரிந்தால் வீட்டை உடனே பிடித்துவிடலாம். வீட்டு எண் மட்டும் தெரிந்தால் முழுப் பட்டியலையும் புரட்ட வேண்டியதுதான். இண்டெக்ஸில் நேரத்தை முன்னால் வைத்து, கேள்வியில் உரையாடல் எண்ணை மட்டும் கொடுத்தால் அதே கதிதான்.

ஊகித்து இண்டெக்ஸ் போடத் தேவையே இல்லை. கேள்விக்கு முன்னால் ‘எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான்’ என்று சேர்த்து எழுதினால் எஸ்க்யூலைட் தன் வழியைச் சொல்லிவிடும். ‘ஸ்கேன்’ என்று வந்தால் முழுவதையும் படிக்கிறது. ‘சர்ச்’ என்று வந்தால் நேராகப் போகிறது. ‘டெம்ப் பி-ட்ரீ’ என்று வந்தால் தனியாக அடுக்குகிறது. இவ்வளவு எளிய வசதியைப் பயன்படுத்தாமல் நாள்கணக்கில் தடுமாறுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதற்காகக் கண்ட பத்திக்கெல்லாம் இண்டெக்ஸ் போடக்கூடாது. புதிய வரி சேரும்போதெல்லாம் எல்லா இண்டெக்ஸையும் திருத்தியாக வேண்டும், எழுதுவது மந்தமாகும். ஆயிரம் செய்திகளை ஒன்றொன்றாகச் சேர்க்காமல் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள் எழுதினால் வேகம் வெகுவாகக் கூடும். திரை நொடிக்கு 60 முறை மாறும் போனில் ஒரு முறைக்குக் கிடைப்பது 16 மில்லி நொடிதான். அதனால் திரையை வரையும் திரெட்டில் டேட்டாபேஸ் வேலையே கூடாது. ஆண்ட்ராய்டின் ரூம் நூலகம் அதை இயல்பாகவே தடுத்துவிடுகிறது.

செய்திக்குள் ஒரு சொல்லைத் தேடுவது வேறு வகை. நடுவில் எங்கேயோ இருக்கும் சொல்லுக்குச் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. எஃப்டிஎஸ்5 என்ற முழுஉரைத் தேடல் வேண்டும். தமிழுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. உரையைச் சொற்களாகப் பிரிக்கும் அதன் வழக்கமான டோக்கனைசர் எழுத்துகளையும் எண்களையும்தான் சொல்லின் பகுதியாகக் கொள்ளும். கொம்பு, கால், புள்ளி போன்ற குறிகள் யூனிகோடில் வேறு வகை என்பதால் அவற்றை இடைவெளி போலக் கருதிச் சொல்லை உடைத்துவிடும். ‘விலை’யும் ‘வேலை’யும் அதற்கு ‘வ’, ‘ல’ என்ற இரண்டு துண்டுகள். ஒன்றைத் தேடினால் மற்றதும் வந்து நிற்கும். அட்டவணையை உருவாக்கும்போதே, அதன் ‘கேட்டகரிஸ்’ அமைப்பில் ‘எம்என்’, ‘எம்சி’ ஆகிய இரு வகைகளையும் சேர்த்துவிட வேண்டும். பிறகு சேர்ப்பதானால் இண்டெக்ஸ் முழுவதையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.