உறவுக்குள் வீட்டுக் கடன்: வங்கி யாரைக் கேட்கும்?





தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகளில் வேலை நிற்கும். வீட்டுக் கடன் தவணை நிற்காது. தம்பி கட்டத் தவறினால், கையெழுத்துப் போட்ட அண்ணனுக்கும் வங்கிக் கடிதம் வரும். "வீடு அவனுக்கு, கடன் எனக்கா?" என்ற கேள்வியில் உறவே முறிகிறது. வங்கி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை அறிந்துகொள்வோம்.

கையெழுத்தின் பொறுப்பு: இந்திய ஒப்பந்தச் சட்டம் (1872) 43ஆம் பிரிவுப்படி, கூட்டாகக் கடன் வாங்கியவர்களில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். 128ஆம் பிரிவுப்படி, வேறு நிபந்தனை எழுதப்படாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒன்றே. "முதலில் அவனிடம் வசூலியுங்கள்" என்று ஜாமீன்தாரர் கோர முடியாது என, பீகார் வங்கி தொடர்ந்த வழக்கில் 1968இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் கடனைக் கட்டித் தீர்த்த ஜாமீன்தாரருக்கு, வங்கிக்கு இருந்த உரிமைகள் 140ஆம் பிரிவுப்படி வந்து சேரும். ஆகவே கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள்.

வீட்டைக் கையகப்படுத்துதல்: நினைத்தவுடன் வங்கி பூட்டுப் போட முடியாது. தவணை 90 நாளுக்கு மேல் நின்று வாராக்கடன் ஆன பிறகு, 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் பதில் தர வேண்டும். அதன்பின் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

பத்திரம்: கடன் முழுதும் தீர்ந்த 30 நாளில் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 1-12-2023 முதல் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கடனாளி மௌத்தாகிவிட்டால் வாரிசுகளிடம் ஒப்படைக்கும் நடைமுறையையும் வங்கி தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். யாருக்கு எவ்வளவு பாகம் என்பதை வங்கி தீர்மானிக்க முடியாது. அது சிவில் நீதிமன்றத்தின் வேலை. ஷரீஅத் சட்டப்படி கடன் போகவே பாகம். கையெழுத்திடாத வாரிசு, தனக்கு வந்த சொத்துக்கு மேல் கடனுக்குப் பொறுப்பல்ல.

புகார்: முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 30 நாளில் பதில் இல்லையெனில், அல்லது பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம் (14448). குடும்பப் பிணக்கை அவர் தீர்க்கமாட்டார். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம் (15100). பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு.

கடனை எழுதி, சாட்சி வைக்குமாறு அல்குர்ஆன் (2:282) வலியுறுத்துகிறது. வங்கியில் கையெழுத்திடும் முன்பே, தவணை யார் கட்டுவது, வீடு யாருக்கு என்பதை உறவுக்குள்ளும் எழுதிக்கொள்ளுங்கள். அது அவநம்பிக்கை அல்ல, உறவுக்குப் பாதுகாப்பு.



செயலாளர்