காலால் அளக்கும் காலம்

‘ஆயிரங்கோடி ஆண்டுகள்’ என நாவால் மொழிதல் எளிது. உள்ளத்தால் உணர்தல் அரிது. அவ்வுணர்வை நடந்தே பெறச் செய்யும் திறந்தவெளிப் படைப்பு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் தென்விளிம்பில் 2010-இல் திறக்கப்பெற்ற ‘காலத்தின் பாதை’ ஆகும்.

அங்கு ஒரு மீட்டர் நடந்தால் பத்து இலட்சம் ஆண்டுகள் கடந்துவிடும். மீட்டர்தோறும் உலோகக் குறி பதிக்கப்பெற்றுள்ளது; வழியோரப் பாறைகளைத் தொட்டும் பார்க்கலாம். அவ்வளவையின்படி டைனோசர்கள் மறைந்தது 66 மீட்டர் தொலைவில். புவி பிறந்தது 4,560 மீட்டர் தொலைவில். பேரண்டத்தின் தொடக்கத்தை எட்டவோ 13.8 கிலோமீட்டர் நடத்தல் வேண்டும்!

மனித இனத்தின் மூன்று இலட்சம் ஆண்டுகள் ஏறத்தாழ ஓரடி நீளமே. எழுத்தின் வரலாறு ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர். அச்சிற்றிடத்துள் வளர்ந்த அறிவே அந்நெடுவழி முழுவதையும் அளந்தது என்பதை எண்ணுங்கால், செருக்கு அடங்குகிறது; கற்கும் வேட்கையோ பெருகுகிறது.