கண்ணாடி இல்லத்துக் கள்வர்

எங்கள் நெய்க்காரப்பட்டியில் நின்று தெற்கு நோக்கினால், பழனி மலைத்தொடர் நீல மதில்போல் எழுந்து நிற்பதைக் காணலாம். அடிவாரத்தில் கரும்பும் தென்னையும் வெயிலில் நிற்கின்றன. மதிலின் உச்சியில், கோடைக்கானலில், மூடுபனி தவழ்கிறது. நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டிற்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இராது. அப்பனியில் வளரும் செடிகளுள் அழகாலும் விந்தையாலும் முதன்மை பெறுவது ஆர்க்கிட் குடும்பம். கோடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் திரட்டிய ஆர்க்கிட் தொகுப்பு பெயர் பெற்றது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963இல் தொடங்கிய தேசிய ஆர்க்கிட் பூங்கா உள்ளது. கண்ணாடி இல்லங்களிலும் நிழற்குடில்களிலும் ஆர்க்கிட் வளர்ப்போரின் உறக்கத்தைக் கெடுக்கும் சில சிற்றுயிர்களைப் பற்றி, மாணவ நேயர்களே, இன்று சொல்லப் புகுகிறேன்.

ஒரு செடி போனால் மறு செடி வைத்தால் ஆயிற்று என்று கத்தரித் தோட்டக்காரர் சொல்லலாம். ஆர்க்கிட் வளர்ப்பவர் அவ்வாறு சொல்ல இயலாது. அதன் விதை தூசியை ஒத்தது; தனக்கென்று உணவு சேமித்து வைக்காதது. முளைத்த செடி பூப்பதற்குப் பல ஆண்டுகள் செல்லும். சில இனங்களோ காட்டிலேயே அருகிவிட்டன. அகத்தியமலைப் பகுதியில் மட்டுமே வளரும் ‘பாஃபியோபெடிலம் துரூரியை’ என்னும் மஞ்சள் நிற ஆர்க்கிட்டை எண்ணிப் பாருங்கள். பூவின் ஓர் இதழ் மிதியடி வடிவில் குழிந்திருக்கும். திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்துப் பிரௌன் என்பவர் 1865இல் அதனைக் கண்டார். செடி சேகரிப்போரின் பேராசையால் அஃது அழிந்தே போயிற்று என்று கருதப்பட்டது. 1972இல் மீண்டும் காணப்பட்டது. இத்தகைய செடியின் ஒரு குருத்தை ஒரு நத்தை ஓர் இரவில் தின்று தீர்த்தால், அவ்விழப்பை எதனால் அளப்பது?

காட்டிலும் நத்தை உண்டு, பூச்சி உண்டு. ஆயினும் அங்கே அவற்றைத் தின்னும் பறவையும் தவளையும் வண்டும் குளவியும் உண்டு. கண்ணாடி இல்லம் கட்டும் மனிதன் காற்றையும் கடுவெயிலையும் வெளியே நிறுத்துகிறான். அவற்றோடு இந்த நண்பர்களையும் வெளியே நிறுத்திவிடுகிறான். தொட்டியோடு ஒளிந்து உள்ளே புகுந்த பகைவனுக்கோ வெதுவெதுப்பும் ஈரமும் ஓயாத விருந்தும் கிடைக்கின்றன. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

முதற் கள்வன் ஓடில்லா நத்தை. பகலில் தொட்டியின் அடியிலும் மரப்பட்டைத் துண்டுகளின் இடுக்கிலும் பதுங்கியிருந்து, இரவில் வெளிவரும். அதன் நாக்கு ஆயிரக்கணக்கான நுண்பற்கள் பதித்த அரம் போன்றது. இளங்குருத்து, மொட்டு, வேர்நுனி ஆகிய மூன்றும் அதற்கு இனிய உணவு. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேரை உற்றுப் பாருங்கள்: வெண்ணிறப் பஞ்சு போன்ற உறையும், முனையில் மட்டும் பசுமையும் தெரியும். அப்பசுமுனையே வளரும் இடம். அதனைக் கடித்துவிட்டால் அந்த வேர் அவ்வளவில் நின்றுவிடும். இலை வாடிய பிறகே நமக்குச் செய்தி எட்டும். விடியலில் காணப்படும் பளபளப்பான கோழைத் தடம் ஒன்றே முன்கூட்டிக் கிடைக்கும் சாட்சி.

இவனைப் பிடிக்க வழி எளிது, பொறுமைதான் வேண்டும். மாலையில் ஈரச் சாக்குத் துண்டு, முட்டைக்கோசு இலை, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஆங்காங்கே கவிழ்த்து வையுங்கள். காலையில் புரட்டினால் விருந்தினர் கூடியிருப்பர். பொறுக்கி உப்பு நீரில் இடலாம். உப்பைச் செடியின்மேல் தூவுவது கூடாது; நத்தையோடு வேரும் கருகும். இரவு எட்டு மணிக்குமேல் கைவிளக்கோடு ஒரு சுற்று வருவது அதனினும் நன்று. நீரைக் காலையிலேயே ஊற்றி, மாலைக்குள் தரை உலரும்படி செய்தால் பாதி நத்தைகள் குறையும். மிளகளவே உள்ள சிறு நத்தை ஒன்றும் தொட்டிக்குள்ளேயே குடும்பம் நடத்தும். அதற்குப் பழைய மரப்பட்டைகளை முழுதும் நீக்கி, வேரைக் கழுவி, புதிதாக நடுவதே தீர்வு.

நத்தை கடிக்கும், செதில் பூச்சியும் மாவுப்பூச்சியும் சாற்றை உறிஞ்சும். இவை கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நிற்கும். அந்நீர் படிந்த இலையில் கரும்பூசணம் படரும். ஆகவே எறும்பு ஏறும் ஆர்க்கிட்டை ஐயுற்று நோக்குக. முதிர்ந்த செதில் பூச்சி மெழுகுக் கூரையின் கீழ் அசையாதிருப்பதால் மருந்து உள்ளே புகாது. குஞ்சுகள் கூரையின்றி ஊர்ந்து திரியும் சில நாட்களே அவற்றின் வலுவற்ற காலம். ஒருமுறை தெளித்துவிட்டு ஓய்ந்தவர் தோற்பதும், பத்து நாளைக்கு ஒருமுறையாக மும்முறை தெளித்தவர் வெல்வதும் இதனால்தான். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தலும், சிறிது சோப்புக் கலந்த வேப்பெண்ணெய்க் கரைசலை இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளித்தலும் சில செடிகளே உடையவர்க்குப் போதும்.

இங்கே நம் மலையின் வரலாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பழனி மலையில் காப்பி பயிரிட்ட நியூபோர்ட் என்பவர் காப்பியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க எண்ணி, 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பொறிவண்டுகளைத் தருவித்தார். அவற்றுள் ‘கிரிப்டோலேமஸ்’ என்னும் இனம், கருஞ்சிறகும் செம்பழுப்புத் தலையும் கொண்டது. பச்சைச் செதிலை அது வெல்லவில்லை. ஆனால் தென்னாட்டில் நிலைத்து, மாவுப்பூச்சிக்குக் கூற்றாயிற்று. இன்று அவ்வண்டை ஆய்வுக் கூடங்களில் பெருக்கித் தோட்டங்களில் விடுகின்றனர். வேடிக்கை யாதெனில், அதன் புழு வெண்மெழுகு இழைகள் போர்த்து, மாவுப்பூச்சி போலவே தோன்றும். பார்த்தறியாதவர் பகைவன் என்று நசுக்கிவிடுவர். மாவுப்பூச்சியைக் காட்டிலும் பெரிதாய், விரைந்து நடப்பதாய் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடும் பூச்சிமருந்து இப்பேதம் அறியாது. தெளித்த உடனே செடி தூய்மையாய்த் தோன்றும், வண்டும் மடிந்திருக்கும். மெழுகின் கீழிருந்து பிழைத்த பூச்சி, தடுப்பார் இன்றிப் பெருகும். நத்தைக்கு வைக்கும் மெட்டால்டிஹைடு குருணையை நாய் தின்றாலும் உயிர்போகும். பிரிட்டனில் அதனைத் திறந்தவெளியில் இடுவதற்கு 2022இல் தடை வந்தது. இரும்புப் பாஸ்பேட்டுக் குருணை அவ்வளவு தீங்கற்றது.

சிவப்புச் சிலந்திப்பேன் வறட்சியில் பெருகுவது. காற்றின் ஈரத்தைக் கூட்டி, இலையடியை நீரால் கழுவினால் தணியும். ஆனால் அந்த ஈரம் இரவுவரை தங்கினால் நத்தைக்குக் கொண்டாட்டம்! ஆதலின் கழுவுவதையும் காலையிலேயே செய்க. புதிதாக வாங்கிய செடியை மற்றவற்றோடு உடனே சேர்க்காமல், நான்கு வாரம் தனியே வைத்து, வாரம் ஒருமுறை இலைக்கணுக்களையும் தொட்டியின் அடித்துளையையும் சோதித்த பின்னரே உள்ளே கொண்டு செல்ல வேண்டும்.